எண்பத்தைந்தாம் ஆணி

காலையிலிருந்து இரண்டு முறை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டேன். பித்தளை வாசனை போகவில்லை. மேசைமேல் அந்த டோக்கன் கிடக்கிறது. பழைய எட்டணாக் காசைவிடச் சற்றுப் பெரிய வட்டம், ஆணியில் மாட்ட மேலே ஒரு துளை, நடுவில் 85. ஓரமெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. பல வருடம் ஒருவர் கையில் புழங்கியது என்று பார்த்தவுடன் தெரிகிறது.

உங்கள் மகள் தேவகி இதை என் உள்ளங்கையில் வைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. இப்படி ஒரு டோக்கன் இருக்கவே முடியாது என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். வேப்பம்பட்டுக்குத் திரும்பியதும் சட்டையைக்கூட மாற்றாமல் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு எட்டின் மேல் சுழியைப் பார்த்தேன். வலது பக்கம் ஒரு சிறு வெட்டு இருந்தது. டூல் ரூமில் உங்களிடம் இருந்த, எண் பொறிக்கும் எட்டாம் நம்பர் பன்ச் அந்த இடத்தில் உடைந்திருக்கும். முதலில் அடித்த டோக்கன்களில் எட்டு வருகிற இடமெல்லாம் அந்த வெட்டு உண்டு. மறுவருடமே புது பன்ச் செட் வாங்கிவிட்டார்கள். ஆகவே இது பின்னால் விளையாட்டுக்குச் செய்தது அல்ல. முதல் வாரத்தில், மற்றவற்றோடு சேர்த்து, நீங்கள் அடித்தது.

இது தெரிந்து பதினோரு நாள் ஆகிறது. எனக்கு எதையும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் பிடிபடும். அதனால் எழுதுகிறேன். படிக்க நீங்கள் இல்லை என்பது ஒரு விதத்தில் எனக்குத் தைரியம் தருகிறது. இப்படிச் சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு மேற்கே வயல்களை மேடாக்கி அந்த ஆணித் தொழிற்சாலையைக் கட்டியபோது நான் திருவள்ளூரிலிருந்து படுக்கையும் பெட்டியுமாக வந்து சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம். கணிதத்தில் பி.எஸ்சி. படித்தவன் என்பதால் டைம் கீப்பர் வேலை கொடுத்தார்கள். நீங்கள் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவர். வீட்டில் அண்ணன் தம்பிகள் எல்லாரும் வலையோடு போக, நீங்கள் மட்டும் ஐ.டி.ஐ. படித்துவிட்டு டூல் ரூமுக்கு வந்தீர்கள். நான் உங்களைக் கடைசி வரை ‘நீங்கள்’ என்றேன். நீங்கள் இரண்டாம் நாளே என்னை ‘நீ’ ஆக்கிவிட்டீர்கள்.

“இன்னா வாத்யாரே, அம்மாம் படிப்பு படிச்சிட்டு ஆணி எண்ண வந்துட்டியா?”

ஆணி எண்ணுவது என் வேலை அல்ல, ஆட்களை எண்ணுவதுதான் என்று நான் பொறுமையாக விளக்கினேன். நீங்கள் சிரித்தீர்கள். நான் எதை விளக்கினாலும் சிரிப்பீர்கள். அது கேலியா பிரியமா என்று எனக்கு அப்போதே விளங்கவில்லை.

வாசலுக்குள் நுழைந்ததும் என் ஜன்னல். அதன் இரு பக்கமும் இரண்டு பலகைகள். ஒன்றில் ‘வெளியே’ என்றும் மற்றதில் ‘உள்ளே’ என்றும் எழுதியிருக்கும். ஒவ்வொருவரும் தன் எண்ணுள்ள டோக்கனை ‘வெளியே’ பலகையிலிருந்து எடுத்து ‘உள்ளே’ பலகையில் தன் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஏழரை மணிக்குச் சங்கு ஊதும். “ஏழரைல ஆரம்பிச்சா எப்பிடி சார் வெளங்கும்?” என்று தினமும் ஒருவராவது கேட்காமல் இருந்ததில்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு நான் ‘உள்ளே’ பலகையின் கம்பிக் கதவைப் பூட்டுவேன். அதற்குப் பிறகு வருபவர் டோக்கனை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்ட வேண்டும். எத்தனை நிமிடம் தாமதம் என்று பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதுவேன். யாருக்கும் ஒரு நிமிடம் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

அந்தப் பதிவேட்டில்தான் என் தவறு நடந்தது. பக்கத்துக்கு இருபத்தெட்டு வரி. வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி பெயர்களை எழுதிக்கொண்டே வந்தேன். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரி எண்பத்துநான்கு. அப்போது சாப்பாட்டுச் சங்கு ஊதியது. எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, பக்கத்தைத் திருப்பி, முதல் வரியில் எண்பத்தாறு என்று எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதினேன். அதன் பிரதி ஒன்று சென்னையில் தலைமை அலுவலகத்துக்குப் போனது. ஒன்று டோக்கன் அடிக்க உங்களிடம் வந்தது.

டோக்கன்கள் ஒரு தகரத் தட்டில் வந்தன. நூற்று நாற்பது பெயருக்கு நூற்று நாற்பது. சரியாக இருந்தது. ஆனால் பலகைகளுக்கு எண் எழுதிய தச்சர் என் பட்டியலைப் பார்க்கவில்லை. ஒன்று, இரண்டு என்று அவர்பாட்டுக்குப் பெயிண்டால் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் நம் தொழிற்சாலை ஆணியையே அடித்து வைத்துவிட்டார். மறுநாள் காலை எல்லாரும் டோக்கனை மாட்டிவிட்டுப் போன பிறகு பார்த்தேன். எண்பத்துநான்குக்கும் எண்பத்தாறுக்கும் நடுவில் ஓர் ஆணி வெறுமனே இருந்தது.

அடுத்து வருகிறவருக்கு அந்த எண்ணைக் கொடுத்திருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். முடியாது. எண்கள் பணிமூப்பு வரிசை. புதிதாக வந்தவர் எண்பத்தைந்து ஆனால் எண்பத்தாறிலிருந்து எல்லாரும் சண்டைக்கு வருவார்கள். திருத்த வேண்டுமென்றால் மேலாளரிடம் பதிவேட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்க வேண்டும். கணிதப் பட்டதாரி எண்பத்துநான்குக்கு அடுத்தது எண்பத்தாறு என்று எழுதியிருக்கிறான் என்று நானே போய்ச் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நடந்துபோகும்போது உங்களிடம் மட்டும் சொன்னேன். சங்கு ஊதியது, சாப்பிடப் போனது, வந்து எழுதியது, எல்லாம். நீங்கள் ரயில்வே கேட் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தீர்கள்.

“யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்” என்றேன்.

“நா ஏன் வாத்யாரே சொல்லப் போறேன்? உன் ஆணி, உன் பாடு.”

இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. அந்தச் சிரிப்பில் ஆச்சரியம் இல்லை. ஏற்கெனவே தெரிந்த ஒன்றை இவன் எப்போது சொல்வான் என்று காத்திருந்தவரின் சிரிப்பு அது. அன்று அதை நான் கவனிக்கவில்லை. உங்கள் சிரிப்பை எடைபோடுவதிலேயே காலத்தைக் கழித்தவன் நான். அந்த ஒரு சிரிப்பை மட்டும் விட்டுவிட்டேன்.

மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. கேன்டீனில் வடைத் தட்டில் ஒன்று குறைந்தது. கேன்டீன்காரர் யார் எடுத்தது என்று சத்தம் போட்டார். டிரம் செக்‌ஷன் முனுசாமி, வாயில் வடையை வைத்துக்கொண்டே, “எம்பத்தஞ்சு துன்னுட்டான்” என்றார்.  கேன்டீன் முழுக்கச் சிரிப்பு.

அன்றிலிருந்து எண்பத்தைந்து ஓர் ஆளாகிவிட்டான். கம்பி அறுந்தால் எண்பத்தைந்து அறுத்தான். குழாய் திறந்து கிடந்தால் எண்பத்தைந்து குளித்துவிட்டுப் போனான். “இன்னா லேட்டு?” என்று கேட்டால், “எம்பத்தஞ்சு கூட பேசிக்கினு வந்தேன், டைம் போனதே தெரில சார்” என்று பதில் வரும். அவனுக்கு ஆரம்பாக்கத்தில் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டில் மாப்பிள்ளையை யாரும் பார்த்ததே இல்லை என்று கல்யாணம் நின்றுபோனதாம். பெரியபாளையம் திருவிழாவுக்கு வேன் பேசியபோது அவனுக்கும் ஓர் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அடுத்த ஷெட்டுகளுக்கும் பரவியது. ஸ்டேஷனில் டீக்கடைக்காரர்கூட, “எம்பத்தஞ்சுக்கு ஒரு டீ தள்ளி வச்சிருக்கேன்” என்பார்.

நம் பக்கத்தில் எண்களைச் சொல்லிச் சிரிப்பது புதிதல்ல. ஏமாற்றுகிறவனை நானூற்று இருபது என்போம். அதற்குப் பின்னால் ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது. நாலு பேர் கூடி நின்றால் நூற்று நாற்பத்துநாலு போட்டுவிட்டார்களா என்போம். அதற்கும் சட்டம் இருக்கிறது. ஏழரைக்குச் சனி இருக்கிறார். எண்பத்தைந்துக்குப் பின்னால் எதுவுமே கிடையாது. என் தவறு மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு முறை அவர்கள் அந்த எண்ணைச் சொல்லிச் சிரிக்கும்போதும் என்னைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் வரும்போது பேச்சு நின்றால் சந்தேகம் வந்தது. நிற்காவிட்டால் அதைவிடப் பெரிய சந்தேகம் வந்தது.

ஒரு நாள் சட்டைப்பை நோட்டில் தலைப்புப் போட்டு எழுதினேன். விஷயம் தெரிந்தவர்கள்: ஒன்று, நான். இரண்டு, நீங்கள். கோடு போட்டு மூடினேன். முடிவு தானாகவே வந்துவிட்டது.

அதன் பிறகு உங்களைக் கவனிக்கத் தொடங்கினேன். நீங்கள் முனுசாமியோடு பீடி பற்றவைத்தால் என்னைப் பற்றி என்று தோன்றும். “இன்னா வாத்யாரே, மூஞ்சி ஒரு மாதிரி கீது?” என்று கேட்டால், தெரியாத மாதிரி நடிக்கிறீர்கள் என்று தோன்றும். உங்கள் வீட்டிலிருந்து எனக்கென்று தனியாகக் கட்டிக்கொண்டு வந்த இறால் வறுவலைக்கூட இது எதற்கு என்று யோசித்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். ஒரு முறையாவது நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன்.

பிறகு நெருக்கடி நிலை வந்தது. யாரும் யாருடைய பெயரையும் சொல்லிப் பேசப் பயந்த காலம். பெயர் சொல்லக் கூடாத இடத்திலெல்லாம் ஜனங்கள் எண்பத்தைந்தைப் போட்டுக்கொண்டார்கள். கழிப்பறைச் சுவரில் ‘85 வருவான்’ என்று கரித்துண்டால் யாரோ எழுதினார்கள். ஆணிப் பெட்டிகளின் மேல் சாக்பீஸால் ‘85 சொல்லிட்டான்’ என்று எழுதி லாரியில் ஏற்றினார்கள். எழுதியவர்களுக்கு அதில் பெரிய அர்த்தம் ஒன்றும் இருந்திருக்காது.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊழியர்களைக் கவனிக்கும் பர்சனல் ஆபீசராக அப்போதுதான் வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். தலைமறைவாக இருக்கும் யாரோ ஒருவனின் குறிப்புப் பெயர் அது என்று முடிவு செய்தார். என்னைக் கூப்பிட்டார்.

“மிஸ்டர், யார் இந்த எய்ட்டி ஃபைவ்? அவன் கார்டைக் கொண்டு வா.”

“அப்படி யாரும் இல்லை சார்.”

“ஆள் இல்லையா? ஆணி இருக்கிறது, நம்பர் இருக்கிறது, ஆள் மட்டும் இல்லையா? ரெஜிஸ்டரைக் கொண்டு வா.”

கொண்டுபோனேன். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு நான்காம் பக்கத்தைத் திருப்பினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தத் தாள் புரளும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

“இந்த நம்பரை எடுத்துவிடச் சொன்னது யார்? இன்று சாயங்காலத்துக்குள் சொல்லவில்லை என்றால் போலீசுக்கு எழுதுவேன். முதலில் உன் பெயரைத்தான் எழுதுவேன்.”

அப்போது என் கல்யாணம் நிச்சயமாகி இரண்டு மாதம். அதைக் காரணமாகச் சொல்லவில்லை. அது மனதில் ஓடியது என்று மட்டும் சொல்கிறேன். ‘என் தவறு சார், எழுதும்போது விட்டுவிட்டேன்’ என்ற ஒரு வாக்கியம். மூன்று வருடமாக மனதுக்குள் சொல்லிப் பழகிய வாக்கியம். வாயைத் திறந்தேன். வேறு வாக்கியம் வந்தது.

“டோக்கன்கள் டூல் ரூமிலிருந்து வந்தன சார். எண்பத்தைந்து வரவில்லை. வந்த டோக்கன்படிதான் பதிவேடு எழுதினேன்.”

நடந்ததை அப்படியே தலைகீழாக்கிச் சொன்ன பொய். தயாரித்து வைத்திருந்த மாதிரி வந்தது. சொன்ன பிறகு எனக்கு ஒரு சமாதானமும் கிடைத்தது. கேலியைக் கிளப்பியவர் நீங்கள்தானே, நீங்களே பதில் சொல்லுங்கள் என்று நினைத்தேன்.

உங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் வந்தபோது உங்கள் வலது கை காக்கிக் கால்சட்டையின் பையில் இருந்தது. ஆபீசர் நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். நீங்கள் என்னை ஒரு முறை பார்த்தீர்கள்.

“பையிலிருந்து கையை எடு” என்று அவர் அதட்டினார்.

நீங்கள் மெதுவாக எடுத்தீர்கள். வெறும் கை.

“ஆமா சார். நாந்தான் உட்டுட்டேன். எம்பத்தி நாலு அடிச்சேன், சங்கு ஊதிச்சு, துன்னப் போய்ட்டேன். வந்து எம்பத்தாறு அடிச்சேன். அவ்ளோதான் சார் மேட்டரு.”

“அப்படியானால் யார் அந்த எய்ட்டி ஃபைவ்?”

“யாரும் கெடையாது சார். இல்லாதவன ஒருத்தன்னு வச்சிக்கினு பசங்க சிரிச்சிக்கினு கீறாங்கோ. உள்ளவனச் சொன்னாத்தான சார் பேஜாரு?”

சங்கும் சாப்பாடும் என் கதை. ஸ்டேஷன் சாலையில் நான் உங்களிடம் சொன்ன கதை. அதை என் எதிரிலேயே, வார்த்தை மாறாமல் எடுத்துச் சொன்னபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என்னை முகத்துக்கு நேராகவே கேலி செய்கிறீர்கள் என்று தோன்றியது. காப்பாற்றுகிறீர்கள் என்று ஒரு கணமும் தோன்றவில்லை.

போலீசுக்கு எழுதுவதை ஆபீசர் விட்டுவிட்டார். கவனக்குறைவுக்காக உங்களை டூல் ரூமிலிருந்து எடுத்து டிரம் செக்‌ஷனில் போட்டார். ஆணிகளை மரத்தூளோடு போட்டு உருட்டி மெருகேற்றுகிற இரும்பு டிரம்கள் அவை. பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்காது. ஆணியைப் பிடுங்கி, பலகையில் எண்பத்தைந்து இருந்த இடத்தில் பெயிண்ட் அடித்தார்கள். மறுநாளே யாரோ அதன்மேல் சாக்பீஸால் எழுதிவிட்டார்கள்.

அறையைவிட்டு வெளியே வந்ததும், “இன்னா வாத்யாரே, பயந்துட்டியா?” என்றீர்கள். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனேன். அதற்குப் பிறகு நமக்குள் பேச்சு என்று எதுவும் இல்லை. மூன்று வருடம், தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ஒரு மழை நாளில் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்து டோக்கனை நீட்டினீர்கள். நான் சிவப்பு மையைத் தொட்டேன். “எழுது வாத்யாரே. உன் ஜோலி அதான” என்றீர்கள். அதில் குத்தல் இருந்ததா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

பொன்னேரியில் சொந்தமாக லேத் பட்டறை வைக்கப் போவதாக எழுதிக் கொடுத்த கடைசி நாளில் ஜன்னலுக்கு வந்தீர்கள்.

“ஒரு நாளு ஊட்டுக்கு வா. உன்கிட்ட ஒன்னு குடுக்கணும்.”

என்ன கொடுப்பீர்கள் என்று நான் போடாத கணக்கு இல்லை. நாலு பேர் எதிரில் நல்ல சூடாக நாலு வார்த்தை என்பதுதான் என் முடிவு. அதனால் நான் வரவில்லை. பொன்னேரி ஒன்றும் தூரமில்லை. நான் ஓய்வு பெற்று வேப்பம்பட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும், ரயிலேறிப் பேசின் பிரிட்ஜில் மாறினால் பாதி நாளில் போய்த் திரும்பலாம். நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் அந்தப் பாதி நாள் எனக்குக் கிடைக்கவில்லை.

முனுசாமி போன் செய்து, நீங்கள் போய்விட்டதாகச் சொன்னபோதுதான் கிடைத்தது.

உங்கள் வீட்டு வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் முனுசாமி உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. நான் பொதுவாகக் கேட்கிற மாதிரி, அந்த எண்பத்தைந்து கேலியை யார் ஆரம்பித்தது என்று நினைவிருக்கிறதா என்றேன்.

“நாந்தான் சார். வேற யாரு? தெனம் டோக்கன் மாட்டச் சொல்லோ அந்த ஆணி மட்டும் மொட்டையா நிக்கும். கண்ணுல குத்தும். வட போச்சுன்னதும் வாய்ல வந்துச்சு, சொல்லிட்டேன்.”

“வேறு யாரும் உங்களிடம் எதுவும் சொல்லவில்லையா?”

“சொல்றதுக்கு இன்னா சார் கீது? நீங்க நம்பர உட்டுட்டீங்கன்னு எல்லாருக்குந்தான் தெரியுமே. எம்பத்தி நாலுக்கு அப்பால எம்பத்தாறுன்னா, எழுதனவர் உட்டுட்டாருன்னு கொயந்த கூட சொல்லும்.”

நூற்று நாற்பது பேர் தினமும் இரண்டு முறை பார்த்த ஆணி அது. அதை ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். என் நோட்டில் இரண்டு பெயரோடு கோடு போட்டு மூடியிருக்கிறேன்.

உள்ளே போனேன். கண்ணாடிப் பெட்டியில் நீங்கள். இடது காதுக்குப் பின்னால், காது கேட்க மாட்டும் கருவியின் தழும்பு தெரிந்தது. தேவகி சொன்னாள்: “மெஷின் இல்லன்னா அந்தக் காது சுத்தமா கேக்காது மாமா. ஆணி கம்பெனி டிரம்மு சத்தத்துல போச்சு.” அதோடு சாவிக்கொத்திலிருந்து எதையோ கழற்றி என் கையில் வைத்தாள்.

“இது எப்பவும் அப்பாகிட்டதான் இருக்கும் மாமா. பட்டறைச் சாவி, ஊட்டுச் சாவி, இது. எங்க ஊட்ல எது காணாமப் போனாலும் எம்பத்தஞ்சு எடுத்துட்டான். கொழம்புல உப்பு ஜாஸ்தின்னா எம்பத்தஞ்சு போட்டுட்டான். யாருப்பா அவன்னு கேட்டா, ‘நல்லவம்மா. கொஞ்சம் பயந்தவன். ஒரு நாளு வருவான், வந்தா குடுக்கணும்’னு சொல்லும். அவன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?”

நீங்கள் ஒன்றிலிருந்து என் கடைசி எண்ணான நூற்று நாற்பத்தொன்று வரை வரிசையாக அடித்திருக்கிறீர்கள். என் பட்டியலை வரி வரியாகப் பார்த்து அடிக்கவில்லை. அடித்து முடித்த பிறகுதான் பட்டியலில் ஓர் எண் குறைவது தெரிந்திருக்கும். அதை மட்டும் தட்டிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி நூற்று நாற்பதை என்னிடம் அனுப்பியிருக்கிறீர்கள். ஆபீசர் அறையில் அந்தக் கை பைக்குள் எதைப் பிடித்திருந்தது என்று இப்போது தெரிகிறது. அதை எடுத்து மேசைமேல் போட்டிருந்தால் என் பொய் அந்த நிமிடமே உடைந்திருக்கும். உங்கள் காதும் உங்களிடமே இருந்திருக்கும்.

இதெல்லாம் அங்கே நிற்கும்போதே என் மனதில் ஓடியது. தேவகி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாக்கியம் போதும்.

“தெரியலையேம்மா” என்றேன்.

ஆபீசர் இல்லை, போலீஸ் இல்லை, உங்கள் உடல் பக்கத்தில் இருக்கிறது. அப்போதும் அப்படித்தான் சொன்னேன்.

பதினோரு நாளாக அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நேற்றுத்தான் அதில் ஒன்றைக் கண்டேன். அவள் முதலில் டோக்கனைக் கொடுத்தாள். பிறகுதான் அவன் யார் என்று கேட்டாள். யாரென்று தெரியாமல் யாராவது கொடுப்பார்களா?

போன் செய்தேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

“தேவகி, அந்த எண்பத்தைந்து நான்தான் அம்மா.”

“தெரியும் மாமா” என்றாள். “நீங்க வாசல்ல செருப்பக் கழட்டி, குனிஞ்சு ரெண்டையும் ஜோடி சேத்து வச்சீங்களே, அப்பவே தெரிஞ்சிடுச்சு. அப்பா சொன்ன அடையாளம் அது.”

அதோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவள் குரலில் சிரிப்புகூட இருந்தது. ஆனால் மிச்சத்தையும் சொன்னேன். பதிவேடு, ஆபீசர், நான் சொன்ன பொய், டிரம் செக்‌ஷன், காது. எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன். இல்லாவிட்டால் நடுவில் எதையாவது விட்டுவிடுவேன்.

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

“அத அப்பா சொன்னதில்ல மாமா” என்றாள்.

பிறகு, “சரி. அம்மாகிட்ட நானே சொல்றேன். நீங்க ஞாயித்துக்கெழம வாங்க” என்று வைத்துவிட்டாள்.

அந்தக் குரலில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. கோபமா, வெறும் களைப்பா, இனி வராதே என்பதை மரியாதையாகச் சொன்னதா? பழைய வழக்கம் போல எடைபோட ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். என்னவாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போகப் போகிறேன். அங்கே போய் நேரே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

இன்று காலை கதவோரம் சுவரில் ஓர் ஆணி அடித்தேன். என் மனைவி இது எதற்கு என்றாள். பொன்னேரி போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றேன். பிறகு ஒரு நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். எண், பெயர், தாமதம். எண் கட்டத்தில் 85. பெயர் கட்டத்தில் என் பெயர். சிவப்பு மைப் பேனா கடையில்தான் வாங்கி வர வேண்டியிருந்தது.

நீங்கள் வீட்டுக்குக் கூப்பிட்ட நாளிலிருந்து எத்தனை நிமிடம் என்று தனித்தாளில் பெருக்கிப் பார்த்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எண் அடங்கவில்லை. கோட்டைத் தாண்டித்தான் எழுதினேன்.

எழுதி முடித்து, டோக்கனை ஆணியில் மாட்டினேன்.